மதுரை மதிலில் தொங்கிய மன்னர்

1342. சமயபுரத்தை அடுத்த கண்ணனூர்க் கோட்டையை ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் முற்றுகையிட்டிருந்தார். வயது எண்பதை ஒட்டி. உள்ளே சிக்கியிருந்தது மதுரை சுல்தானின் படை.

சரணடைய சுல்தானைக் கேட்க வேண்டும் என்றார்கள். வல்லாளரும் அவகாசம் கொடுத்தார். செய்தி எட்டியதும் சுல்தான் கியாசுதீன் தாம்கானி விரைந்து வந்தார். ஹொய்சளப் பாளையத்தில் அது பகல் தூக்க நேரம், குதிரைகள் மேய்ச்சலில். வந்தவர்களைத் திருடர்கள் என்றே நினைத்தார்கள். படை சிதறியது.

பிடிபட்ட வல்லாளரின் செல்வத்தையும் யானைகளையும் கறந்துவிட்டு அவரைக் கொன்றார்கள். தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்து எழுதியவர் மொராக்கோ பயணி இபின் பதூதா, சுல்தானின் சகலை.

ஹொய்சள அரசு பிறகு தலைதூக்கவில்லை. அந்த இடத்துக்கு விஜயநகரம் வந்தது. அதன் இளவரசர் குமார கம்பணர் மதுரை சுல்தானை வீழ்த்தியதை அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற சம்ஸ்கிருதக் காவியமாக்கினார்.