நடாஷா கெல்லர்
நடாஷா கெல்லர் (பிறப்பு: 1977, பெர்லின்), ஜெர்மனி மகளிர் ஹாக்கி அணியின் முன்னாள் முன்கள வீராங்கனை. 1999இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் நெதர்லாந்தை 2–1 என வீழ்த்தித் தங்கம் வென்ற அணியில் ஆடினார்.

அவருடைய குடும்பமும் ஹாக்கிக்குப் பெயர்பெற்றது. தாத்தா எர்வின், 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதியில் தியான் சந்தின் இந்தியாவிடம் 8–1 எனத் தோற்று வெள்ளி பெற்ற அணியில் இருந்தவர். தந்தை கார்ஸ்டன் 1972இலும், சகோதரர்கள் ஆண்ட்ரியாஸ் 1992இலும் ஃப்ளோரியன் 2008இலும் தங்கம் வென்றனர். இப்படியொரு ஹாக்கிக் குடும்பம் வேறெங்கும் அரிது.

கால்பந்தே கோலோச்சும் நாட்டில் ஹாக்கி வீராங்கனைக்குப் பெரும்புகழ் எளிதில் வாய்ப்பதில்லை. ஆயினும், 400க்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்கள் கண்ட கெல்லர், 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜெர்மனியின் கொடியை ஏந்தி நடந்தார். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்.