இரண்டு ரூபாய்ச் சந்தாவும் எல்லையோர நூலகங்களின் கணக்கேடும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சித்தூர் வட்டத்துக்குள் நுழையும்போதும், போடிமெட்டு ஏறி மூணாறு நோக்கிச் செல்லும்போதும் காதில் விழும் தமிழ் அறுபடுவதில்லை. நூலகத்தின் கணக்கேட்டைப் புரட்டினால்தான் எல்லை துலக்கமாகத் தெரிகிறது. தமிழகத்தில் கிளை நூலகம் அரசுத் துறையின் அங்கம். நூலகர் அரசின் ஊதியம் பெறுபவர். வாசகர் வட்டத்தார் கூட்டம் நடத்தலாம், புரவலர்களைச் சேர்க்கலாம். 1000 ரூபாய் செலுத்தியவரின் பெயர் சுவர்ப் பலகையில் ஏறும். ஆனால் அந்நூலகத்தின் வரவு செலவைத் தீர்மானிக்கும் அதிகாரம் வாசகர் வட்டத்துக்கு இல்லை. கேரளத்துக் கிராமத்தில் அதே ஆர்வலர்கள்தாம் நூலகத்தின் உடைமையாளர்கள். உறுப்பினர் பொதுக்குழு கூடுகிறது, செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது, செயலர் கணக்கை வாசிக்கிறார். அரசு மானியம் அதன்பின் வந்து சேர்கிறது.

இந்த வேறுபாட்டை இரு மாநிலத்தாரின் மனப்பான்மையாக விளக்குவது எளிது. அது தவறு என்பது என் கருத்து. வேர் பழைய ஆட்சி எல்லைகளில் இருக்கிறது. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி, அட்டப்பாடி உட்பட, சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தது. சித்தூரோ கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளம், பீருமேடு ஆகியவை திருவிதாங்கூரின் மலைப்புறம். மூன்று ஆட்சிகள், நூலகப் பணத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள்.

எஸ். ஆர். அரங்கநாதனின் நெடிய முயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பை நூலக வரி விதித்தது. ரூபாய்க்கு 192 பை என்ற அக்காலக் கணக்கில் இது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. சென்னை நகருக்கு வெளியே அரசும் அதற்கு இணையான தொகையைத் தந்தாக வேண்டும். இந்தியாவில் நூலகத்துக்கெனத் தனி வரியைச் சட்டமாக்கிய முதல் மாகாணம் இதுவே. கோயம்புத்தூருக்குப் பொருந்திய அச்சட்டம் அட்டப்பாடிக்கும் பொருந்தியது. ஆயினும் மலபாரில் தன்னார்வ வாசகசாலைகள் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன; 1937இலேயே அவற்றுக்கு ஒரு சங்கம் உருவாகிவிட்டது.

திருவிதாங்கூர் வேறு வழியில் சென்றது. 1945 செப்டம்பரில் பி. என். பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பேராளர்கள் கூடிக் கிரந்தசாலா சங்கத்தை அமைத்தனர். அரசு அச்சங்கத்துக்கு மாதம் 250 ரூபாய் வழங்கியது. அந்த 47 நூலகங்களுக்குப் பகிர்ந்திருந்தால் தலைக்கு ஆறு ரூபாய்கூடத் தேறாது. எனவே இடம், கட்டடம், அலமாரி, நாளிதழ் அனைத்தும் ஊரார் சந்தாவையும் நன்கொடையையும் உடலுழைப்பையுமே நம்பியிருந்தன. 1949இல் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தபின் சித்தூரும் இந்த வழிக்குள் வந்தது. கேரளம் உருவாகி முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் மலபாரில் சென்னைச் சட்டமே நீடித்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம்தான் இரு மரபுகளையும் ஒன்றாக்கி, நூலக வரியையும் தேர்தல்வழி அமையும் நூலகக் கவுன்சிலையும் மாநிலம் முழுமைக்கும் பொதுவாக்கியது. நூலகங்கள் தரம் பிரிக்கப்பட்டு, தரத்துக்கேற்ப மானியம் பெறுகின்றன.

இந்த ஏற்பாட்டின் கடைக்கோடியை அறிய இடமலக்குடிக்குச் செல்ல வேண்டும். தேவிகுளம் வட்டத்துக் காட்டில், மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று தம் மரபைக் கூறிக்கொள்ளும் முதுவர்கள் வாழும் குடிகள். அவற்றுள் ஒன்றான இருப்புக்கல்லுக்குடியில் பி. வி. சின்னத்தம்பி தமது சிறு தேநீர்க் கடையிலேயே நூலகம் நடத்தினார். 2014இல் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியபோது அவருக்கு வயது 73. இரண்டு சாக்குகளில் 160 நூல்கள். ஆசிரியர் பி. கே. முரளிதரனும் திருவனந்தபுரத்து நண்பர்களும் நூல்களைத் திரட்டி அனுப்பியிருந்தனர். உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். அதாவது முதலாண்டு முழுவதும் தவறாமல் செலுத்துபவர் தருவது 49 ரூபாய். பதிவேட்டின்படி 2013இல் 37 முறை நூல்கள் இரவல் சென்றிருந்தன.

நூலக வரி கட்டடங்களின் மீது விதிக்கப்படுவது. குடிசைகள் நிறைந்த காட்டு ஊரில் அது எவ்வளவு திரளும்? வரியை அடிப்படையாகக் கொண்ட எந்தத் திட்டமும் இத்தகைய ஊருக்கு வெளியிலிருந்து பணம் கொண்டுவந்தே ஆக வேண்டும். சின்னத்தம்பியின் நூலகம் அதற்குக் காத்திராமல் இயங்கியது. கட்டடச் செலவில்லை, ஊதியமில்லை, மின்கட்டணமில்லை. கடையின் வரும்படிதான் மறைமுக மானியம். இதைப் போற்றும் கட்டுரைகள் பல வந்துவிட்டன. ஒரு முதியவரின் உழைப்பு கணக்கில் ஏறாத செலவு என்பதை அவற்றுள் சில மறந்துவிடுகின்றன.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை நிறுத்துவது இன்னொன்று. அந்தச் சாக்கில் சிலப்பதிகாரம் இருந்தது, மலையாள மொழிபெயர்ப்பாக. கண்ணகி மதுரையை நீங்கி மலைநாடு சேர்ந்த கதையை, மதுரையைத் தம் பூர்விகமாகச் சொல்லும் மக்கள் மலையாள எழுத்தில் படித்திருக்கிறார்கள். பள்ளி எந்த எழுத்தைக் கற்பிக்கிறதோ அந்த எழுத்தில்தான் நூலகமும் நூல் திரட்டும், அதில் வியப்பில்லை.

ஆனால் மூணாற்றுத் தோட்டப் பகுதியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ்வழிப் படித்தவர்கள் உள்ளனர். அங்கு உறுப்பினரின் பணம் செல்லும் திசையை உறுப்பினரின் எண்ணிக்கையே முடிவுசெய்யும். செயற்குழுவில் தமிழ் வாசிப்பவர் ஒருவர்கூட இல்லையெனில், மானியம் எவ்வளவு வந்தாலும் தமிழ் அலமாரி பழைய வார இதழ்களோடு நின்றுவிடும் வாய்ப்பே மிகுதி. மூவர் இருந்தால் ஆண்டுக் கொள்முதலில் தமிழுக்கு ஒரு பங்கு கேட்கலாம்; கேட்பதற்கான உரிமையைக் கேரள அமைப்பு தருகிறது. தமிழகத்தில் அலமாரி நிறையத் தமிழ் நூல்கள் உண்டு. எந்த நூல் வர வேண்டும் என்று வாக்களிக்கும் உரிமைதான் இல்லை.

இவ்வரலாற்றை எழுதத் தேவையான சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் குறைவு. அவை ஊர் நூலகங்களின் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளிலும், பொதுக்குழுத் தீர்மானப் புத்தகங்களிலும், இரவல் பதிவேடுகளிலும் உள்ளன. சித்தூர், தேவிகுளம் வட்டங்களில் களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் நூல் அலமாரியைப் படமெடுப்பதோடு நிறுத்தாமல், செயலரின் மேசை இழுப்பறையில் உள்ள இந்த ஏடுகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். குறிப்பாக 1956க்கு முந்தைய ஆண்டுகளுக்குரியவை. எந்த மொழியில் கணக்கு எழுதப்பட்டது, எப்போது மாறியது என்பதையும் அவற்றிலிருந்தே அறிய முடியும்.