பிரெஞ்சு இலக்கணத்தில் தொடர்வினையும் கால அளவும்

பிரெஞ்சு மொழியில், நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கத் தனி வினைமுற்று வடிவம் இல்லை. ‘ழெ மான்ழ்’ என்பதற்குச் ‘சாப்பிடுகிறேன்’, ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என இரு பொருளும் உண்டு. தொலைபேசியில் ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்பவருக்கு இந்த எளிய நிகழ்காலமே போதிய விடை.

செயல் இந்தக் கணத்தில் நடக்கிறது என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘எத்ர் ஆன் த்ரேன் தெ’ என்ற தொடரை வினைச்சொல்லின் அகராதி வடிவத்துக்கு முன் சேர்ப்பர்: ‘ழெ ஸுயி ஆன் த்ரேன் தெ மான்ழே’. குறுக்கே பேசுபவரைத் தடுக்கவும், சில இடங்களில் எரிச்சலைக் காட்டவும் இது உதவும். அறிதல், உடைமை போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகளோடு பொதுவாக இது சேராது. இறந்தகாலத்தில், முற்றுப்பெறாத செயலைக் காட்டும் ‘எம்பார்ஃபே’ வடிவத்தில் மட்டுமே வரும். முடிந்த செயலைக் காட்டும் ‘பாஸே கோம்போஸே’யில் வராது.

தொடங்கி இன்னும் முடியாத செயலின் கால அளவைச் சொல்ல ‘தெபுயி’ பயன்படுகிறது. வினை நிகழ்காலத்திலேயே நிற்கும்: ‘ழாபித் இஸி தெபுயி தி ஸான்’, அதாவது ‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’. தமிழும் இதே வழியில்தான் செல்கிறது. ‘ஆண்டுகளாக’ என்று சொன்னபின் வினையை இறந்தகாலத்துக்குத் தள்ள நமக்குத் தேவையில்லை. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்கும் தமிழ் மாணவர்கள் இங்கே வீணாக இடறுகிறார்கள்: ஆங்கிலம் வேறு வினை வடிவத்தைக் கேட்பதால், பிரெஞ்சிலும் ‘பாஸே கோம்போஸே’யைப் போட்டுவிடுகிறார்கள். தாய்மொழியை நம்பியிருந்தால் பிழை நேராது. ஆனால் எதிர்மறையில் பிரெஞ்சு இறந்தகாலத்தை ஏற்கும்: ‘மூன்று ஆண்டுகளாக அவரைப் பார்க்கவில்லை’ என்பதில் வினை ‘பாஸே கோம்போஸே’. புறப்படுதல், இறத்தல் போன்ற வினைகளிலும் அப்படியே. அங்கே எண்ணப்படுவது செயலுக்குப் பின் நீடிக்கும் நிலை.

‘தெபுயி’ கால அளவோடு மட்டுமன்றித் தொடக்கப் புள்ளியோடும் வரும்: ‘தெபுயி 2015’ என்றால் 2015 முதல். கேள்வியில் ‘தெபுயி கான்’ தொடக்கத்தையும், ‘தெபுயி கோம்பியேன் தெ தான்’ அளவையும் கேட்கும். பேச்சில் முன்னதே இரண்டுக்கும் புழங்குகிறது.

இதே பொருளில் கால அளவை முன்னே நிறுத்தும் அமைப்புகளும் உண்டு: ‘இல் இ ஆ … கெ’, ‘ஸா ஃபே … கெ’. பின்னது பேச்சுக்கு உரியது. முன்னதில் ‘கெ’ என்ற சிறு இணைப்புச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘இல் இ ஆ தி ஸான் கெ ழாபித் இஸி’ என்றால் பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன். ‘கெ’யை எடுத்துவிட்டு வினையை இறந்தகாலமாக்கினால், பத்து ஆண்டுகளுக்கு முன் வசித்தேன் என்றாகிவிடும்.

முடிந்துபோன கால அளவுக்குப் ‘பாந்தான்’: ‘ழே அபித்தே ஆ லியோன் பாந்தான் ஸேங்க் ஆன்’, லியோனில் ஐந்து ஆண்டுகள் வசித்தேன், இப்போது அங்கே இல்லை. பேச்சில் இச்சொல்லை விட்டுவிடுவதும் உண்டு. திட்டமிட்ட கால அளவுக்குப் ‘பூர்’, ஒரு வேலையை முடிக்கப் பிடித்த நேரத்துக்கு ‘ஆன்’.

இறந்தகாலத்தில் இரு வினை வடிவங்களுக்கிடையே தேர்வு செய்வதுதான் கற்பவருக்குக் கடினமான பகுதி. செயலை அதன் நடுவிலிருந்து பார்த்தால் ‘எம்பார்ஃபே’: ‘பேருந்து வந்தபோது ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன்’ என்பதில் காத்திருப்புக்கு ‘எம்பார்ஃபே’, பேருந்து வந்ததற்குப் ‘பாஸே கோம்போஸே’. நீண்ட செயலுக்கு எம்பார்ஃபே, குறுகியதற்கு மற்றது என்று சொல்லிக்கொடுப்பது தவறான சூத்திரம். பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் அரசாண்டார். எண்ணி முடித்த இந்த நெடுங்காலத்தைப் பிரெஞ்சு வரலாற்று நூல் ‘பாஸே ஸேம்ப்ள்’ என்ற முற்றுப்பெற்ற வடிவில்தான் எழுதும். கணக்கில் வருவது நீளமன்று, எல்லை.

பிரான்சுக்கு வெளியே ‘எத்ர் ஆப்ரே’ என்ற பழைய தொடர் பிழைத்திருக்கிறது. லூயிசியானாவிலும் கியூபெக் பேச்சிலும் அது தொடர்வினையைக் குறிக்கும். ஹெய்ட்டியின் கிரெயோல் மொழியில் அந்த ‘ஆப்ரே’ சுருங்கி ‘ஆப்’ என்ற தொடர்வினைக் குறியாகவே ஆகிவிட்டது: ‘ம் ஆப் மான்ழே’, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மொழி 1987 அரசியலமைப்பின்படி அங்கே பிரெஞ்சுடன் ஆட்சிமொழியாகவும் உள்ளது.