விளம்பரமும் கிடங்கும்: முட்டை வாணிகத்தின் வரலாறு

ஆலங்காயத்தை அடுத்த வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்கள் தோல் வாணிகத்தால் பெயர் பெற்றவை. உரித்த பச்சைத் தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். ஆதலின் உடனே உப்பிடுகின்றனர். உப்பிட்ட தோல் கெடாமல் காத்திருக்கும். அவ்வாறு காத்திருக்க இயலாத பண்டங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று முட்டை. கெடும் பொருளின் இருப்பும் அதனை விற்கச் செய்யும் விளம்பரமும் எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

முட்டை ஓட்டில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே ஈரம் நாள்தோறும் வெளியேறும். கோடையில் முட்டை விரைவில் பழுதாகும். குளிர்கிடங்கில் சில திங்கள் வைக்கலாம். எனினும் வெளியே எடுத்ததும் ஓட்டின்மேல் நீர் அரும்பும். பின்னர் அது நெடுநாள் தாங்காது. கோழியோ நம் தேவையறிந்து இடுவதன்று. குஞ்சு பொரிய 21 நாள்; அது முட்டையிடும் பருவம் எய்த ஏறத்தாழ 20 வாரம். இன்றைய தேவைக்குரிய ஏற்பாட்டை ஐந்து திங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் முட்டை உற்பத்தி பெருகியது. விலையை இடைத்தரகரே வகுத்தனர். பண்ணையாளருக்கு அடக்க விலையும் கிட்டவில்லை. 1982-இல் டாக்டர் பி. வி. ராவ் தலைமையில் அவர்கள் ஒன்றுகூடித் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தனர். விலையைத் தாமே அறிவித்தல், மிஞ்சிய முட்டையை வாங்கிச் சேமித்தல், விளம்பரம் செய்தல் ஆகிய மூன்றையும் அக்குழு மேற்கொண்டது. ஞாயிறாயினும் திங்களாயினும் நாளும் முட்டை உண்க என்னும் பொருள்பட அது தொலைக்காட்சியில் செய்த இந்தி விளம்பரம் நாடெங்கும் பரவியது.

அதே 1982-இல் ஜூலை முதல் நாள் தமிழ்நாட்டில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் அதில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரம் 5 முட்டை என்றாயிற்று. இதனால் நாமக்கல் வட்டாரப் பண்ணைகளுக்கு முன்கூட்டியே எண்ணத்தக்க பெருந்தேவை ஒன்று கிடைத்தது. ஆயினும் கோடை விடுமுறையில் அத்தேவை நின்றுவிடும். கோழிக்கு விடுமுறை கிடையாது!

புரட்டாசித் திங்களிலும் இத்தகைய தாழ்வு உண்டு. பலர் புலாலையும் முட்டையையும் விலக்குவர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், 30 நாளில் 6 நாள் விற்பனைக்குரிய முட்டை தேங்கும். விளம்பரத்தால் அக்குறைவில் பாதியை ஈடுசெய்தால், 3 நாள் முட்டைக்கே கிடங்கு வேண்டும். ஆனால் அதே விளம்பரத்தைத் தேவை மிகுந்துள்ள குளிர்காலத்தில் செய்தால் என்னாகும்? புதிய முட்டை ஒன்றும் பிறவாது; விலைதான் ஏறும். அவ்விலையை நம்பிக் குஞ்சுகளை மிகுதியாக வாங்கினால், அவை முட்டையிடத் தொடங்குவதற்குள் கோடை வந்துவிடும்.

1996 முதல் அக்டோபர்த் திங்களின் இரண்டாம் வெள்ளிக்கிழமை உலக முட்டை நாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்நாள் புரட்டாசியிலேயே வருகிறது. விற்பனை தாழும் வேளையில் முரசறைவது நல்லதே. ஆனால் நோன்பிருப்பவரை முரசு மாற்றிவிடாது. எனவே, நோன்பில்லாத ஊர்களை நாடி முட்டையை அனுப்புவதும் உடன் வேண்டும்.

விளம்பரம் செய்வோன் ஒருவன், இருப்பைக் காப்போன் வேறொருவன் என்று பிரிந்து நின்றால், ஒருநாள் பண்டம் அழுகும். மற்றொருநாள் வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவர். நாளைக்கு நில்லாத பொருளை விற்பவர், எவ்வளவு கூவுவது என்பதையும் எவ்வளவு வைத்திருப்பது என்பதையும் ஒரே ஏட்டில், ஒரே வேளையில் எழுதக் கற்றல் வேண்டும்.