கவண் கல்லும் கலிலியோவின் ஏடும்

மாங்காய்க்குக் குறிவைத்துச் சிறுவன் எறியும் கல், மேலெழுந்து, வளைந்து, கீழிறங்குகிறது. கணக்கு எதுவும் கல்லாமலே அவன் கை அவ்வளைவை அறிந்திருக்கிறது. ஆயினும், அவ்வளைவு எத்தகையது என்னும் வினாவுக்குச் சரியான விடை காண மாந்தருக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வேண்டியிருந்தன. இவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர், வகுப்பறைக்குள் கவணைக் கொண்டுவரும்போது அது விளையாட்டுப் பொருளாக நின்றுவிடாது.

கவண் நமக்குப் புதிதன்று. தினைப்புனம் காத்த மகளிர் கையிலும், சிலப்பதிகாரம் காட்டும் மதுரை மதிற்பொறிகளின் இடையிலும் அதனைக் காண்கிறோம். மேலை நாட்டிலோ, கி.மு. 399இல் சைராகூஸ் நகரை ஆண்ட முதலாம் டயோனிசியஸ் பல ஊர்க் கைவினைஞரைத் திரட்டியபோது எறிபொறி தோன்றியது என்பர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்துப் பிலோ என்பார் அப்பொறிக்கு ஒரு வாய்பாடே தந்தார். கல்லின் எடையை மினா என்னும் அளவில் கொண்டு நூறால் பெருக்கி, அதன் கனமூலம் கண்டு, அதனுடன் அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால், முறுக்குக் கயிறு செல்லும் துளையின் விட்டம் விரலளவில் கிடைக்கும். பன்முறை செய்து பார்த்துக் கண்ட வாய்பாடு அது. பொறியை அவர்கள் அளந்தார்கள். கல் சென்ற வழியை அளந்தாரில்லை.

அவ்வழியைப் பற்றி அறிஞர்கள் வாதிட்டார்கள். கையை விட்டு நீங்கிய கல்லைச் சூழ்ந்துள்ள காற்றே தொடர்ந்து தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஜான் பிலோபோனஸ் அதனை மறுத்தார். எறிபவனே கல்லுக்கு ஓர் ஆற்றலை ஊட்டுகிறான் என்றார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஜான் பூரிடான் அக்கருத்தை மேலும் வளர்த்தார். எனினும் அளவுகோல் அங்கும் வரவில்லை.

பீரங்கிகள் பெருகிய காலத்தில், 1537இல், இத்தாலியரான நிக்கோலோ தார்த்தாலியா, 45 பாகைச் சாய்வில் எறிந்தால் குண்டு மிகுதொலைவு செல்லும் என எழுதினார். ஆனால் அவர் வரைந்த பாதை ஒரு நேர்கோடு, ஒரு வில், மீண்டும் ஒரு நேர்கோடு என்பதாகவே இருந்தது. 1546இல் வெளியிட்ட நூலில், அப்பாதையில் முற்றிலும் நேரான பகுதி எதுவுமில்லை என்றார். வளைவு உண்டு என்பது தெளிந்தது. எவ்வளைவு என்பது தெளியவில்லை.

அதனைத் தெளிவித்தவர் கலிலியோ. பதுவா நகரில் ஆசிரியராக இருந்தபோது, 1608ஆம் ஆண்டையொட்டி, அவர் குறித்து வைத்த ஏடு ஒன்று பிளாரன்ஸ் நகரில் உள்ளது. ஸ்டில்மன் டிரேக் என்னும் ஆராய்ச்சியாளர் 1973இல் அதனை உலகறியச் செய்தார். ஆய்வாளர் தரும் விளக்கம் இது: சாய்தளத்தில் உருண்டு வந்த பந்து, மேசை விளிம்பில் கிடையாகப் பாய்ந்து தரையில் விழுகிறது. மேசையின் உயரம் 828 புள்ளி. புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவாதலின், அவ்வுயரம் ஏறத்தாழ 78 செ.மீ. நம் வகுப்பறை மேசையின் உயரமும் அதனை ஒட்டியதே!

சாய்தளத்தில் 300 புள்ளி உயரம் இறங்கிய பந்து 800 புள்ளி தொலைவில் விழுந்தது. தொலைவு, உயரத்தின் இருமடி மூலத்திற்கேற்பப் பெருகும் என்பது கலிலியோவின் கணக்கு. அதன்படி 600 புள்ளி உயரத்திற்கு 1131 வரவேண்டும், வந்ததோ 1172. வேறுபாடு 41. ஏனைய உயரங்களுக்கும் இவ்வாறே 22, 10, 40 என வேறுபாடுகளைக் குறித்தார். ஒன்றையும் அவர் மறைக்கவில்லை.

1633இல் தண்டிக்கப்பட்டு வீட்டுக்காவலில் இருந்த அவருடைய முடிவு, 1638இல் லைடன் நகரில் அச்சான 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூலில் வெளிவந்தது. கிடைத்திசையில் மாறா வேகம். செங்குத்துத் திசையில் சீராக முடுக்கும் வீழ்ச்சி. இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. இவை இணைந்தால் பரவளைவு. நூல் வெளிவந்த காலத்தில் ஆசிரியர் பார்வையை இழந்திருந்தார்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். ஒரு கரண்டி, ரப்பர் வளையம், சில மரச்சட்டங்கள், மென்மையான பந்து ஆகியவை போதும். நிமிர்ந்து நிற்கும் நிலையில் கரண்டி குறுக்குச் சட்டத்தில் மோதி நின்றால், பந்து கிடையாகப் புறப்படும். புறப்படும் இடம் தரையிலிருந்து 78 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். முதலில் பந்தின் பாதையை மாணவர்கள் தாமே ஊகித்து வரையட்டும். தார்த்தாலியா வரைந்த கோடுகள் பல கரும்பலகையில் தோன்றக்கூடும், நகையாட வேண்டா. பின்னர் எறிந்து, தொலைவை அளக்கட்டும். அவ்வுயரத்திலிருந்து விழும் பொருளுக்கு ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். பந்து 2 மீட்டர் தொலைவில் விழுந்தால், அதன் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். கடிகாரம் இன்றியே வேகம் கண்டுவிட்டோம்!

ஒரே இழுப்பில் பத்து முறை எறிந்தாலும் பந்து ஒரே இடத்தில் விழாது. இங்கேதான் ஆசிரியர் பணி தொடங்குகிறது. பாடநூல் விடைக்கேற்பத் தன் அளவைத் திருத்தி எழுதும் மாணவனைக் காணாத அறிவியல் ஆசிரியர் அரியர். வேறுபட்ட விடைக்குச் சிவப்பு மையால் கோடிழுக்கும் நம் பழக்கமே அவனை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ரப்பரின் தளர்ச்சியா, கரண்டியின் அசைவா, காற்றின் தடையா, அளந்தவன் பிழையா என ஆராய வேண்டியவன், மதிப்பெண்ணுக்கு அஞ்சிப் பொய் எழுதுகிறான்.

அவனிடம் கலிலியோவின் ஏட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 41 என்னும் வேறுபாட்டை எழுதி வைத்த அக்கையே பரவளைவையும் உலகுக்குத் தந்தது. மாணவன் கண்டதைக் கண்டவாறு எழுதினால், அவ்வெண் பாடநூலோடு பொருந்தாவிடினும், அதற்குரிய மதிப்பெண்ணை மனமுவந்து வழங்குவோம்.