தற்சார்பு நிகழ்பட ஆட்டங்களின் விற்பனையும் விமர்சனமும்

தற்சார்பு நிகழ்பட ஆட்டம் என்பது பெரும் வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் பணமோ கட்டுப்பாடோ இன்றி, தனியொருவராலோ சிறு குழு ஒன்றினாலோ உருவாக்கப்படும் நிகழ்பட ஆட்டம் ஆகும். பேச்சு வழக்கில் இது இண்டி கேம் எனப்படுகின்றது. இவ்வாறு உருவாக்கப்படும் ஆட்டங்களுள் மிகச் சிலவே பெரும் பொருள் ஈட்டுகின்றன. பல ஆட்டங்கள் உருவாக்கச் செலவைக்கூட மீட்பதில்லை.

திரைப்படத்திலும் நூல் வெளியீட்டிலும் நட்டத்தைத் தயாரிப்பாளர் அல்லது பதிப்பாளர் ஏற்க, குறைகூறலைப் படைப்பாளி ஏற்பது பொது வழக்கம். தற்சார்பு உருவாக்குனரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே ஆளின் தலையில், பெரும்பாலும் ஆட்டம் வெளியான ஒரே வாரத்தில் விழுகின்றன. உருவாக்குனர்கள் இதனை எதிர்கொண்ட விதங்களும், அவற்றுள் இந்திய, தமிழ் எடுத்துக்காட்டுகளும் இக்கட்டுரையில் தரப்படுகின்றன.

சந்தையின் நெரிசல்

கணினி ஆட்டங்களின் இணைய விற்பனையில் முதன்மையானது வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் விற்பனைத் தளமாகும். இது 2003 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் எந்த ஆட்டத்தை விற்பது என்பதை நிறுவனமே முடிவுசெய்தது. 2012 இல் பயனர் வாக்கின் அடிப்படையில் ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் கிரீன்லைட் முறை வந்தது. 2017 இல் அதுவும் கைவிடப்பட்டு, ஆட்டம் ஒன்றுக்கு 100 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்தும் எவரும் விற்கலாம் என்றாயிற்று. அந்த ஆட்டம் 1,000 டாலர் ஈட்டிய பின்னர் இக்கட்டணம் திருப்பித் தரப்படும்.

கதவு திறந்ததால் நெரிசல் பெருகியது. 2023 இல் மட்டும் இத்தளத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வெளியாயின. அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 38 ஆட்டங்கள். வெளியாகும் நாளில் ஓர் ஆட்டம் எத்தனை பேரின் விருப்பப் பட்டியலில் இருக்கிறது, முதற் சில நாட்களில் எவ்வளவு விற்கிறது என்பவை அதன் பிற்காலத்தைப் பெரிதும் பாதிக்கின்றன. முதல் வாரத்தில் கவனிக்கப்படாத ஆட்டம் பின்னர் கண்ணில் படுவது அரிது. மோசமான ஆட்டம் தோற்பது இயல்பே. நல்ல ஆட்டங்களும் எவரும் பாராமலே தோற்பதுதான் இச்சந்தையின் தன்மை.

வருவாய்க் கணக்கு

விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு உருவாக்குனரின் வருவாயை மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் 500 ரூபாய் விலையில் விற்கும் ஆட்டம் ஒன்றைக் கொள்ளலாம். விலைக்குள் அடங்கிய 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி போக ஏறத்தாழ 424 ரூபாய் எஞ்சும். அதில் 30 விழுக்காடு விற்பனைத் தளத்தின் பங்கு. உருவாக்குனருக்குக் கிடைப்பது சுமார் 297 ரூபாய். ஆயிரம் படிகள் முழு விலைக்கு விற்றால் ஏறத்தாழ 2,97,000 ரூபாய் வரும். மூவர் இரண்டு ஆண்டுகள் உழைத்திருந்தால், ஆளுக்கு மாதம் ஏறத்தாழ 4,100 ரூபாய் ஆகின்றது. வெளியீட்டாளரின் பங்கு, தள்ளுபடி, வருமான வரி, கருவிகளின் விலை ஆகியவை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இந்நிலையில் ஆயிரம் பேர் பணம் கொடுத்து வாங்கியும் அந்த ஆட்டம் தோல்வியே ஆகும்.

இக்காரணத்தால் பல உருவாக்குனர்கள் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவிலும் விடுமுறையிலும் ஆட்டத்தை உருவாக்குகின்றனர்.

பணத்தைத் திருப்பித்தரும் விதி

2015 சூன் முதல், வாங்கிய 14 நாட்களுக்குள்ளும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தும் கேட்டால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகின்றது. நுகர்வோருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிறு ஆட்டங்களை முழுவதும் ஆடி முடித்துவிட்டும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற நிலை உருவானது. 2021 இல் சம்மர் ஆஃப் '58 என்னும் திகில் ஆட்டத்தை வெளியிட்ட எமிகா கேம்ஸ் என்ற தனிநபர் நிறுவனம், ஆட்டத்துக்கு நல்ல மதிப்புரைகள் கிடைத்தும் திருப்பிப் பெற்றவர் தொகை மிகுதியாக இருந்ததால், கால வரையறை இன்றி ஆட்ட உருவாக்கத்தை விட்டு விலகுவதாக அவ்வாண்டு ஆகத்து மாதம் அறிவித்தது. பாராட்டு இருந்தும் வருவாய் இல்லாமற்போன தெளிவான எடுத்துக்காட்டு இதுவாகும்.

பயனர் மதிப்புரைகள்

ஸ்டீம் தளத்தில் வாங்கியவர்கள் ஆட்டத்தைப் பரிந்துரைக்கலாம் அல்லது பரிந்துரைக்காது விடலாம். பத்து மதிப்புரைகள் சேர்ந்த பின்னரே ஆட்டத்துக்கு ஒரு தரச்சொல் காட்டப்படும். பரிந்துரைத்தவர் 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் "கலப்பு" என்ற சொல் ஆட்டத்தின் பெயருக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். பத்துப் பேரில் எழுவர் பரிந்துரைத்தால் ஒரு சொல், அறுவர் பரிந்துரைத்தால் வேறு சொல். ஒருவரின் மனநிலை இரண்டு ஆண்டு உழைப்பின் முகப்பை மாற்றிவிடுகின்றது. பல்லாயிரம் மதிப்புரைகள் பெறும் பெரிய ஆட்டங்களுக்கு இச்சிக்கல் இல்லை. மேலும், 2016 முதல் வேறிடத்தில் பெற்ற குறியீட்டைக் கொண்டு ஆட்டத்தைப் பெற்றவர்களின் மதிப்புரைகள் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. கூட்டு நிதி திரட்டலின்போதே பணம் கொடுத்த முதல் ஆதரவாளர்களின் குரல் இதனால் கணக்கில் ஏறாது போனது.

ஆட்டத்தோடு தொடர்பற்ற காரணத்துக்காகப் பலர் திரண்டு எதிர்மறை மதிப்புரை இடுவதும் உண்டு. இத்தகைய மதிப்புரைகளைக் கணக்கிலிருந்து நீக்கும் முறையை வால்வ் 2019 இல் கொண்டுவந்தது.

குறைகூறல் வேறு, தொல்லைப்படுத்தல் வேறு. 2014 இல் எழுந்த கேமர்கேட் சர்ச்சையில், டிப்ரெஷன் குவெஸ்ட் என்னும் கட்டணமற்ற ஆட்டத்தை உருவாக்கிய சோயி குவின் தொடர்ந்து மிரட்டப்பட்டார். அங்கே ஆட்டத்தின் தரம் ஒரு சாக்காகவே இருந்தது.

உருவாக்குனர்கள் எதிர்கொண்ட விதங்கள்

விலகல்

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் இயங்கிய டேல் ஆஃப் டேல்ஸ் என்னும் இணையரின் நிறுவனம் கலைநயம் மிக்க சிறு ஆட்டங்களுக்குப் பெயர் பெற்றது. தமது வழக்கத்துக்கு மாறாகப் பரந்த மக்களை எட்டும் நோக்குடன் அவர்கள் உருவாக்கிய சன்செட் 2015 மே மாதம் வெளியானது. ஒரு மாதம் கழித்து, கூட்டு நிதி அளித்தவர்களையும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் படிகளே போயின என்று வெளிப்படையாகக் கூறி, வணிக நோக்கிலான ஆட்ட உருவாக்கத்தை நிறுத்திக்கொண்டனர். இருவருள் ஒருவரான ஆரியா ஹார்வி பின்னர் சிற்பக் கலையில் இறங்கி அங்கே பெயர் பெற்றார். தோல்வியின் தொகையை மறைக்காது எழுதிய இவர்களின் அறிவிப்பு, பிற உருவாக்குனர்களும் தத்தம் கணக்குகளை வெளியிடத் தூண்டுகோலானது எனக் கருதலாம். ஆட்டம் முடிந்தபின் எது சரியாக நடந்தது, எது பிழைத்தது என்று எழுதும் பின்னாய்வுக் கட்டுரை மரபு இத்துறையில் முன்பே இருந்தது; 1994 முதல் 2013 வரை வெளியான கேம் டெவலப்பர் இதழ் அதனை வளர்த்தது.

சினமும் பின்வாங்கலும்

கனடாவின் பில் ஃபிஷ் ஐந்தாண்டு உழைப்பில் உருவாக்கிய ஃபெஸ் 2012 இல் வெளியாகி நன்கு விற்றது. ஆயினும் 2013 சூலையில் விமர்சகர் ஒருவருடன் டுவிட்டரில் ஏற்பட்ட சொற்போருக்குப் பின், அதன் இரண்டாம் பாகத்தைக் கைவிடுவதாக அவர் அறிவித்தார். அது இன்றுவரை வரவில்லை. வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் தனியாக உருவாக்கிய ஃபிளாப்பி பேர்ட் 2014 தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. விளம்பரங்கள் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 டாலர் வருவதாகக் கூறப்பட்ட நிலையில், அவர் அவ்வாண்டு பெப்ரவரியில் ஆட்டத்தைக் கடைகளிலிருந்து அகற்றினார். விற்பனை பெருகினால் மனச்சுமை குறையும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இவ்விரு நிகழ்வுகளும் மாறானவை.

திருத்தம்

இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கிய நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஆகத்தில் வெளியானது. சோனி நிறுவனத்தின் விளம்பரத்தால் எதிர்பார்ப்பு வானளவு உயர்ந்திருந்தது. ஒருவரோடொருவர் சேர்ந்து ஆடும் வசதி உட்பட முன்பு பேசப்பட்ட பல இல்லாததால் கடும் கண்டனம் எழுந்தது. குழு பல மாதங்கள் ஏறக்குறைய மௌனம் காத்துப் பின் கட்டணமின்றி மேம்பாடுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டது. சேர்ந்து ஆடும் வசதி 2018 இல் முழுமையாக வந்தது. 2020 இல் தொடர்ந்து மேம்படுத்தப்படும் ஆட்டத்துக்கான கேம் அவார்ட்ஸ் விருதும் கிடைத்தது. எனினும் இவ்வழியை எல்லோருக்கும் பரிந்துரைக்க இயலாது. முதலில் பெருமளவு விற்றதால் குழுவுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கப் பணம் இருந்தது. நாலாயிரம் படிகள் விற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

காத்திருத்தல்

அமெரிக்காவின் இன்னர்ஸ்லாத் குழுவினர் மூவர் 2018 சூனில் வெளியிட்ட அமங் அஸ், முதலில் ஒரே நேரத்தில் சில பத்துப் பேர் மட்டுமே ஆடும் ஆட்டமாக இருந்தது. குழு அதைக் கைவிடாமல் சிறு திருத்தங்களைச் செய்துவந்தது. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது நேரலையில் ஆடிக் காட்டுவோர் இதனை எடுத்துக்கொள்ள, உலகெங்கும் பரவியது. அறிவிக்கப்பட்டிருந்த இரண்டாம் பாகத்தை அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுத்திவிட்டு, பழைய ஆட்டத்தையே மேம்படுத்தினர். இந்நிகழ்வு நம்பிக்கையூட்டும் கதையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. இரண்டு ஆண்டுகள் காத்தும் எதுவும் நிகழாத ஆட்டங்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதையும் உடன் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலும் தமிழரிடையேயும்

சிறு உற்பத்தியாளரின் முதலீட்டுச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1958 இல் சென்னை கிண்டியில் அமைக்கப்பட்டு, திரு. வி. க. பெயர் தாங்கிய தொழிற்பேட்டை அதற்குச் சான்று. தனியே கட்டிடம் எழுப்ப இயலாத சிறு தொழில் முனைவோருக்கு அரசு ஆயத்தமான தொழிற்கூடங்களை வழங்கியது. எந்திரமும் கூடமும் கண்ணுக்குத் தெரியும் சொத்துகள்; அவற்றை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறலாம். பாதி முடிந்த நிகழ்பட ஆட்டத்தை ஈடாக ஏற்கும் வங்கியைக் காண்பது கடினம். அதே கிண்டியில் பின்னாளில் எழுந்த தகவல் தொழினுட்ப வளாகங்களில் நிரலாளர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தை விட்டுச் சொந்த ஆட்டத்தில் இறங்குபவருக்கு முதல் என்பது பெரும்பாலும் தமது சேமிப்பே.

புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியத் தொன்மங்களை அடிப்படையாகக் கொண்ட ராஜி என்னும் ஆட்டத்துக்காக இக்குழு 2017 இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே 1,20,000 பவுண்டு திரட்ட முயன்று தோற்றது. இலக்கை எட்டாவிடில் ஒரு பவுண்டும் கைக்கு வராது என்பது அத்தளத்தின் விதி. நிறுவனர்களுள் ஒருவர் தமது வீட்டை விற்றுப் பணியைத் தொடரச் செய்தார். பின்னர் வெளியீட்டாளர் கிடைக்க, ஆட்டம் 2020 ஆகத்து 18 இல் நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கும், அக்டோபரில் பிற கருவிகளுக்கும் வந்தது. ஓவியமும் கட்டிடக்கலைக் காட்சிகளும் பாராட்டப்பட்டன. சண்டை முறையின் இறுக்கமும், கதை திடீரென நின்றுபோவதும் குறைகூறப்பட்டன. அவ்வாண்டின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான கேம் அவார்ட்ஸ் பரிந்துரைப் பட்டியலில் இது இடம்பெற்றது. சண்டை முறை முதலியவற்றைச் செம்மைப்படுத்தி இந்திக் குரலையும் சேர்த்த மேம்பட்ட பதிப்பு 2022 இல் வெளியானது.

தமிழரிடையே அறியப்பட்ட எடுத்துக்காட்டு வெண்பா ஆகும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழரான அபி தலைமையில் தொராண்டோவின் விசை கேம்ஸ் இதனை உருவாக்கி 2023 சூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரும் அவர்களின் மகன் கவினும் கதைமாந்தர். தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி முதலிய உணவுகளைச் சமைப்பதே ஆட்டம். தமிழ்ச் சமையலையும் மொழியிழப்பையும் மையமாகக் கொண்ட ஆட்டம் விற்குமா என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. வெளியான நாளிலேயே இது எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் என்னும் மாதக் கட்டணச் சேவையிலும் சேர்க்கப்பட்டது. இத்தகைய உடன்பாடுகளில் உருவாக்குனருக்குச் சேவை நிறுவனம் பணம் தருவதால், வருவாய் படி விற்பனையை மட்டுமே நம்பியிருப்பதில்லை.

வெண்பா மீது வந்த முதன்மையான குறை அதன் நீளம் பற்றியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டத்துக்கு 15 டாலர் மிகுதி என்றனர் சிலர். மேற்கூறிய இரண்டு மணி நேர விதியின் எல்லைக்குள் இது அடங்குவதும் கவனிக்கத்தக்கது. கதைக்குத் தேவையற்ற சமையற் பணிகளைச் சேர்த்து நேரத்தை நீட்டுவது எந்த உருவாக்குனருக்கும் எளிது. வெண்பா அவ்வாறு நீட்டப்படவில்லை. 2024 இல் தற்சார்பு ஆட்டங்களுக்கான விழாவின் சீமஸ் மெக்னாலி பெரும் பரிசையும், சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பிரித்தானிய பாஃப்டா விருதையும் அது பெற்றது.