வாரநாள் இரவு ஆட்டம்: தொலைக்காட்சிக்கு முந்தைய தடயங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் சனிக்கிழமையை விட்டு வாரநாள் இரவுகளுக்குப் பரவியதற்குத் தொலைக்காட்சியே காரணம் என்பது நிலைபெற்றுவிட்ட கருத்து. அதற்கு வலுச்சேர்த்தவர் விளையாட்டு எழுத்தாளர் கீத் டன்னவன்ட். அரை நூற்றாண்டுக் காலம் தொலைக்காட்சி இந்த ஆட்டத்தைத் தன் விருப்பத்துக்கு வளைத்தது என்பதே 2004இல் வெளிவந்த அவரது 'தி ஃபிஃப்டி-இயர் செடக்‌ஷன்' நூலின் மைய வாதம். 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் ஒளிபரப்பு ஏகபோகத்தை 7-2 என்ற பெரும்பான்மையில் உடைத்தது. அதன்பின் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் வியாழக்கிழமை இரவு ஆட்டங்கள் வளர்ந்தன. இவற்றை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், வளைக்கப்பட்டவையாகவே கல்லூரிகளைப் பார்க்கும்போது, அவற்றில் சில தாமாகவே சனிக்கிழமையை விட்டு விலகியது கண்ணில் படாமல் போகிறது.

1892 செப்டம்பர் 28 அன்று பென்சில்வேனியாவின் மான்ஸ்ஃபீல்ட் ஊர்க் கண்காட்சியில், அவ்வூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் வயோமிங் செமினரியும் மின்விளக்கொளியில் மோதின. இரவில் நடந்த முதல் ஃபுட்பால் ஆட்டம் என இதைச் சொல்வார்கள். வெளிச்சம் போதவில்லை, விளக்குக் கம்பம் ஆடுகளத்தின் நடுவிலேயே நின்றது. பாதியிலேயே, 0-0 என்ற நிலையில், ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விளக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் கிழமையைக் கவனிப்பதில்லை. நாட்காட்டியைக் கணக்கிட்டால் அது புதன்கிழமை. வானொலி ஒலிபரப்புகூடத் தொடங்காத காலத்தில், கூட்டம் கூடும் நாளைத் தேடி ஆட்டம் போயிருக்கிறது.

ஒரு கண்காட்சி ஆட்டத்திலிருந்து இன்றுவரை நேர்கோடு இழுக்க முடியாதுதான். எனினும் அடுத்த தடயமும் அதே திசையில் நிற்கிறது. 1929 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை இரவு, பிட்ஸ்பர்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் எல்மர் லேடன் பயிற்சியளித்த டுகேன் பல்கலைக்கழக அணி ஜெனிவா கல்லூரியுடன் ஆடியது. அந்நகரின் சனிக்கிழமைக் கூட்டம் பிட், கார்னகி டெக் என்ற பெரிய அணிகளுக்கு உரியது. சிறிய கல்லூரிக்கு மிஞ்சியது வேறு கிழமைதான். லேடனின் நோக்கம் குறித்த இந்த முடிவு அனுமானமே. ஆனால் சூழல் இதையே வலுவாகச் சுட்டுகிறது.

மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் கதையும் இதுவே. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஆகியவற்றின் நிழலில் இருந்த அந்தக் கல்லூரிகள், ஏறத்தாழ 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், நவம்பர் மாதச் செவ்வாய், புதன் இரவுகளைத் தமதாக்கிக்கொள்ளத் தொடங்கின. 2011 நவம்பர் 1, செவ்வாயன்று நார்தர்ன் இலினாய் 63-60 எனத் தோலீடோவை வென்றது. சனிக்கிழமை நடந்திருந்தால் அந்த ஆட்டத்தை நாடு முழுக்க எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? டாம் ஜூரிச் விளையாட்டுத் துறையை நிர்வகித்த லூயிவில் பல்கலைக்கழகமும் எந்தக் கிழமைக்கும் தயாராக இருந்தே பெயர் வாங்கியது. 2006 நவம்பர் 2, வியாழனன்று அது மேற்கு வர்ஜீனியாவை 44-34 என வீழ்த்தியபோது, இரண்டுமே நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் இருந்தன.

டன்னவன்டின் வாதம் பொருந்தும் இடமும் உண்டு: விலை கொடுப்பவர்கள் யார் என்ற கேள்வி. மறுநாள் வகுப்புள்ள மாணவர்களும், குளிரில் காலியாகக் கிடக்கும் இருக்கைகளும் ஒளிபரப்புக் கட்டணத்தின் கணக்கில் வருவதில்லை. பள்ளி அணிகளின் நிலை இன்னும் மோசம். 1961ஆம் ஆண்டு விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், 1966இல் திருத்தப்பட்ட வடிவில், பருவகாலத்து வெள்ளி இரவுகளிலும் சனிக்கிழமைகளிலும் தொழில்முறை ஆட்டங்களின் ஒளிபரப்பைக் கட்டுப்படுத்திப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களைக் காத்தது. கல்லூரிகளிடமிருந்து பள்ளிகளைக் காக்க அதில் எதுவுமில்லை. 2017இல் பெரிய கல்லூரிகளின் கூட்டமைப்பான பிக் டென் வெள்ளி இரவுகளில் நுழைந்தபோது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் எதிர்த்தன. அதன் உறுப்பினரான மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்போது வெள்ளியன்று ஆட மறுத்தது. நிரம்பி வழியும் சனிக்கிழமை அதனிடம் ஏற்கெனவே இருந்தது.